ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் டிரெயில் கேமரா: எங்கே கட்டுவது, எப்படி அமைப்பது

கேள்வியின் சுருக்கம்: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஐந்து ஏக்கர் காபித் தோட்டம். இரவில் என்னென்ன விலங்குகள் வந்துபோகின்றன என்று பார்க்க ஒரு டிரெயில் கேமரா (மரத்தில் கட்டிவிட்டால், விலங்கு கடக்கும்போது தானாகப் படம் எடுப்பது) வாங்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கட்டியதில் இரண்டே வாரத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் விழுந்தும், எல்லாம் இலையும் புல்லும்தான். அடிவாரத்தில் குரும்பப்பட்டி அருகே உள்ள தோப்பிலும் ஒன்று வைக்க எண்ணம். எந்த மாடல் வாங்கலாம்?

மாடலைக் கடைசியில் பார்ப்போம். பக்கத்துத் தோட்டத்துக் கோளாறு பெரும்பாலும் கட்டிய விதத்தில் வந்ததாகத்தான் இருக்கும். விலை கூடிய கேமராவை அதே இடத்தில் அதே மாதிரி கட்டினால், அதே இலைகள்தான் இன்னும் தெளிவாக விழும்.

லென்ஸுக்குக் கீழே வெண்மையாகப் புடைத்திருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். அதன் பின்னால் இருக்கும் பிஐஆர் சென்சார் வெப்பத்தை மட்டும்தான் உணரும். எதிரே உள்ள பரப்பை அந்த மூடி பல பட்டைகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. பின்னணியைவிடச் சூடான அல்லது குளிர்ந்த ஏதோ ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் படம் எடு என்று கட்டளை போகும். மரநாய் நடந்தாலும் சரி, வெயிலில் காய்ந்த காபி இலை காற்றில் ஆடினாலும் சரி, சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குறுக்கே கடக்கும் விலங்கு சட்டென்று பதிவாகும். கேமராவை நோக்கி நேராக வரும் விலங்கு பட்டைகளைக் கடக்காததால், முகத்துக்கு அருகில் வந்த பிறகுதான் பதிவாகும். உடும்பும் பாம்பும் சுற்றுப்புற வெப்பத்திலேயே இருப்பவை என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். அடிவாரத்தில் சித்திரை வெயில் 38, 40 டிகிரியைத் தொடும் நேரத்தில் விலங்கின் ரோமமும் தரையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அப்போது கேமராவுக்கு முன்னால் கீரி ஓடினாலும் படம் விழாமல் போகலாம். ஆகவே குரும்பப்பட்டித் தோப்பில் கோடை முழுக்க சென்சிடிவிட்டியை 'ஹை'யில் வையுங்கள். மலைமேல் மார்கழிக் குளிரில் வித்தியாசம் அதிகம், 'மீடியம்' அல்லது 'லோ' போதும். அங்கேயும் ஹையில் விட்டால் தூரத்துக் கிளை அசைவெல்லாம் கார்டை நிரப்பும்.

இனி இடம். விலங்குகள் தோட்டத்துக்குள் மனம்போன போக்கில் நடப்பதில்லை. வேலியில் உள்ள இடைவெளி, ஓடையைக் கடக்கும் இடம், காபி வரிசைகளுக்கு நடுவே ஆட்கள் போட்ட ஒற்றையடிப் பாதை, ரோட்டுக்கு அடியில் ஓடும் சிறு பாலம் என்று சிரமம் குறைந்த வழியையே தேர்ந்தெடுக்கும். கேமரா வாங்கும் முன் ஒரு வாரம் காலையில் தரையைப் பார்த்து நடங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பழுக்கும் காலத்தில் பாறைமேலும் கல்கட்டின் மேலும், ஒட்டிக்கொண்ட காபிக் கொட்டைகளாகவே எச்சம் கிடக்கும். அது மரநாய் தினமும் வரும் இடம் என்பதற்கு அத்தாட்சி. புதுசும் பழசுமாக இரண்டு மூன்று எச்சம் ஒரே இடத்தில் இருந்தால் யோசிக்காமல் அங்கே கட்டுங்கள். காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிப் புரட்டியிருக்கும். சேற்றில் புரண்டபின் மரத்தில் உடம்பைத் தேய்ப்பதால் முழங்கால் உயரத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். முள்ளம்பன்றி மரத்தின் அடிப்பட்டையைப் பல் பதியக் கடித்திருக்கும், ஓரிரு முள் கிடந்தாலும் கிடக்கும். காட்டெருமைச் சாணம் மாட்டுச் சாணம் போலவே இருக்கும். மாடு மேய வராத சரிவில் கிடந்தால் சந்தேகமில்லை.

பருவத்துக்குத் தகுந்தபடி இடம் மாற வேண்டும். பழக்காலத்தில் காபிச் செடிகளின் ஓரம். மார்ச் முதல் மே வரை, மற்ற இடமெல்லாம் வற்றும்போது ஊற்றும் சிறு குட்டையும். பலா பழுக்கும்போது மரத்தடி: மரநாய், காட்டுப்பன்றி, காட்டெருமை எல்லாம் அங்கே வரும். தண்ணீர் அருகே கட்டினால் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி கட்டாதீர்கள்; வெயில் பட்டு மின்னும் அலை பகல் முழுக்கப் படம் எடுக்க வைக்கும். தண்ணீருக்கு வரும் பாதையைப் பார்த்துக் கட்டுங்கள்.

தீனி போட்டு வரவழைக்க வேண்டாம். கருவாடு, கோழிக்கழிவு, உப்பு என்று யோசனை சொல்வார்கள். முதலில் வருவது தெருநாய், அடுத்தது பன்றி. தீனி தேடி வரப் பழகிய காட்டுப்பன்றியோ குரங்கோ நீங்கள் கேமராவைக் கழற்றிய பிறகும் வந்துகொண்டிருக்கும். நட்டம் பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான். தீனி வைத்து எடுத்த படம் அந்த விலங்கின் இயல்பான நடமாட்டத்தைக் காட்டவும் காட்டாது.

கட்டும் மரம். ஏற்காட்டில் கைக்கு எட்டுவது சில்வர் ஓக். நேராக இருப்பதால் வசதிதான், ஆனால் இரண்டு சிக்கல். தொடை அளவுகூடப் பருக்காத மரம் காற்றில் ஆடும். கேமரா ஆடினால் அதற்குக் காடே நகர்கிற மாதிரி. இன்னொன்று மிளகுக் கொடி. கொடி ஏறிய மரத்தில் கட்டினால் இரண்டு வாரத்தில் ஒரு புதுத் தளிர் லென்ஸுக்கு முன்னால் எட்டிப் பார்க்கும், இரவில் பிளாஷ் அந்த இலையில் பட்டுப் படமெல்லாம் வெளுத்துப்போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் இலைப் படங்கள் இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். கொடி இல்லாத முதிர்ந்த மரமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இரண்டடி ஆழம் குழி தோண்டி ஒரு கல்தூணோ கனமான மரக்கட்டையோ நட்டு அதில் கட்டுங்கள்.

மரநாய், புனுகுப்பூனை, முயல், முள்ளம்பன்றி எல்லாம் வேண்டுமென்றால் லென்ஸ் தரையிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், பாதையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். காட்டெருமைக்கு என்றால் ஒரு மீட்டர் உயரம், 5 மீட்டர் தூரம். பலர் நெஞ்சு உயரத்தில் கட்டிக் கீழே சாய்த்து வைப்பார்கள். பெரிய விலங்கு விழும், சிறியதெல்லாம் சென்சாரின் பட்டைகளுக்கு அடியில் நுழைந்து போய்விடும். பாதைக்கு நேர் செங்குத்தாக வைத்தால் உணர்வது எளிது, ஆனால் மெதுவான கேமரா விழித்துக்கொள்வதற்குள் வால் மட்டும் மிஞ்சும். பாதைக்குச் சுமார் 45 டிகிரி சாய்வில் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் சரியாக வரும்.

மலைச்சரிவில் இன்னொரு கவனம் தேவை. சில்வர் ஓக் நேராக நிற்கும், தரையோ சாய்ந்திருக்கும். மரத்தோடு ஒட்டிக் கட்டினால், சரிவில் கீழ்நோக்கிய கேமரா விலங்கின் முதுகுக்கு மேலே வானத்தைப் பார்க்கும். மேல்நோக்கியது நேரே மண்ணைப் பார்க்கும். கேமராவின் பார்வை தரைச்சாய்வுக்கு இணையாக இருக்க வேண்டும். விரல் தடிமனுள்ள ஒரு குச்சியை கேமராவின் முதுகுக்கும் மரத்துக்கும் நடுவே மேல் விளிம்பில் செருகினால் முகம் கீழே குனியும், கீழ் விளிம்பில் செருகினால் நிமிரும். பிறகு 'டெஸ்ட்' நிலையில் போட்டு, விலங்கு வரும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து கடந்து பாருங்கள். நின்றபடி நடந்து சோதித்தால் எந்தக் கேமராவும் நன்றாக வேலை செய்வதாகத்தான் காட்டும்.

திசையில் வடக்கு முதல் தேர்வு. ஏற்காட்டில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகிறது. கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தால் காலையும் மாலையும், அதாவது விலங்குகள் நடமாடும் அதே நேரத்தில், வெயில் லென்ஸிலேயே விழும்.

கேமராவுக்கு முன்னால் முதல் இரண்டு மீட்டரில் உள்ள புல், உண்ணிச்செடி, தொங்கும் காபிக் கிளை மூன்றையும் அகற்றுங்கள். அதற்கு அப்பால் கை வைக்காதீர்கள்; வெட்டவெளியாக்கினால் விலங்கு பாதையை மாற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் வெட்டிய புல் மூன்று வாரத்தில் மறுபடி லென்ஸ் உயரத்துக்கு வந்துவிடும், நினைவில் வையுங்கள்.

அமைப்புகள். ஒரு தடவை உணர்ந்தால் மூன்று படம், இடைவெளி 10 வினாடி. குட்டையோரம் பன்றிக் கூட்டம் மணிக்கணக்கில் நிற்கும் இடமானால் இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். நடத்தையைப் பார்க்க ஆசையென்றால் 15 வினாடி வீடியோ. பேட்டரி பல மடங்கு வேகமாகத் தீரும். பெட்டியில் போட்டிருக்கும் 30, 40 மெகாபிக்சல் கணக்கை நம்ப வேண்டாம். படம் பிடிக்கும் சென்சாரில் உள்ள உண்மையான அளவு அதைவிட மிகக் குறைவு, மீதி ஊதிப் பெரிதாக்கியது. 8 மெகாபிக்சலில் வைத்தால் விவரம் எதுவும் குறையாது, கார்டு நிறைய நாள் வரும். கார்டு 32 ஜிபி, கிளாஸ் 10, முழு அளவு எஸ்டி கார்டு. அடாப்டரில் செருகிய மைக்ரோ கார்டு ஈரத்தில் தொடர்பு விட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் அந்தக் கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள்.

பேட்டரியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பெரும்பாலான மாடல்கள் 8 ஏஏ செல் எடுக்கும். குளிரிலும் நீண்டநாள் உழைப்பது லித்தியம் ஏஏ, விலைதான் அதிகம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், சில மாடல்கள் அதைப் 'பேட்டரி தீர்ந்தது' என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும், வாங்கும்போதே கையேட்டில் பாருங்கள். சாதாரண ஆல்கலைன் செல்லில் வோல்ட் படிப்படியாக இறங்கும். பகல் படம் நன்றாக இருந்து இரவுப் படம் மட்டும் இருண்டு வந்தால் செல் தளர்ந்துவிட்டது என்று பொருள். இரவு பிளாஷுக்குத்தான் மின்சாரம் அதிகம் தேவை. பழைய செல்லையும் புதியதையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

பிளாஷ் இரண்டு வகை. 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு தூரம் எட்டும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. எட்டும் தூரம் குறைவு, படம் சற்றுப் புள்ளி புள்ளியாக வரும். ஆட்கள் நடமாடும் ஏற்காட்டுத் தோட்டத்துக்கு 940 தான் என் பரிந்துரை. பாதை 3 மீட்டரில் இருக்கும்போது தூரம் தேவையே இல்லை, திருட்டுக்கும் அதுவே பாதுகாப்பு. அருகில் வரும் விலங்கு வெள்ளைப் பொம்மையாக வெளுத்தால் பிளாஷ் அளவைக் குறையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் பிளாஷ் விளக்குகளின் மேல் மட்டும் ஒரு சுற்று வெள்ளை மெடிக்கல் டேப். சென்சார் மூடியின் மேல் எதுவும் படக்கூடாது.

ஐப்பசி முதல் தை வரை ஏற்காட்டுப் பனிமூட்டம் தனிப் பாடு. மூட்டத்துக்குள் பிளாஷ் அடித்தால் வெறும் வெள்ளைச் சுவர்தான் பதிவாகும். அதற்கு மருந்து கிடையாது, ஓடைப் பள்ளத்தைவிட மேட்டுப் பகுதியில் சற்றுக் குறைவாக இருக்கிறதா என்று இடம் மாற்றிப் பார்க்கலாம். பெட்டிக்குள் ஈரம் கோக்காமல் இருக்க இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, கதவு மூடும் ரப்பர் பட்டையில் மண்ணோ முடியோ இல்லாமல் துடைத்து மூடுங்கள். ஒரு தலைமுடி போதும் தண்ணீர் உள்ளே வர. அடுத்த எதிரி எறும்பு. சூடும் இருட்டும் உள்ள பெட்டியைக் கண்டால் முட்டையோடு குடிவந்துவிடும். கட்டும் பட்டையின் இருபுறமும் மரத்தைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவினால் பெருமளவு தடுக்கலாம். நாட்டுக் குரங்குகள் பட்டையைப் பிடித்து இழுக்கும், திருப்பும். துணிப்பட்டையோடு ஒரு எஃகுக் கம்பிப் பூட்டும் போட்டால் கேமராவின் முகம் திரும்பாது, மனிதர் கழற்றுவதும் கடினம்.

முதல் படமாக எப்போதும் ஒரு அட்டையை எடுங்கள்: கேமரா எண், இடம், தேதி, நேரம். செல் மாற்றும்போது சில மாடல்களில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். இந்த அட்டைப் படம் இருந்தால் பிறகு கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். மாதம் முதலிலா நாள் முதலிலா என்பதையும் சரிபாருங்கள்.

அடுத்தது பலர் செய்யாதது, ஆனால் மிகமிகப் பயன்படுவது. 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட ஒரு மீட்டர் குச்சியை 2, 3, 4 மீட்டர் தூரங்களில் நிறுத்தி ஒவ்வொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'சிறுத்தை வந்துவிட்டது' என்று ஊரே பரபரக்கும் படத்தை, விலங்கு நின்ற அதே இடத்தில் குச்சி நின்ற படத்தோடு ஒப்பிட்டால் நிமிடத்தில் விடை கிடைக்கும். காட்டுப்பூனை தோள் உயரம் 35, 40 சென்டிமீட்டர்தான். கால் நீளம், வால் குட்டை, பின்னங்கால் மூட்டைத் தாண்டி அதிகம் தொங்காது, நுனியில் சில கறுப்பு வளையம், உடம்பில் புள்ளி கிடையாது. சிறுத்தை 60 சென்டிமீட்டர் அளவுக்கு நிற்கும், வால் தரையைத் தொடும் நீளம், இரவுப் படத்திலும் புள்ளிக்கொத்துகள் தெரியும். மரநாய்க்கும் புனுகுப்பூனைக்கும் வாலைப் பாருங்கள்: வளையம் வளையமாக இருந்தால் புனுகுப்பூனை, ஒரே கறுப்பாக, முகத்தில் முகமூடி போட்டதுபோல இருந்தால் மரநாய்.

மூன்று வாரம் தொடாமல் விடுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை போய்ப் பார்த்தால் உங்கள் வாடைதான் மிஞ்சும். கார்டு மாற்றப் போவது காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மூன்றுக்குள்; பேசிக்கொண்டே போங்கள். காபிச் செடிகளுக்குள் தனித்து நிற்கும் ஆண் காட்டெருமையைத் திடீரென்று எதிர்கொள்வதைவிட ஆபத்தானது அந்தத் தோட்டத்தில் வேறில்லை. போகும் வழியில் கம்பிச் சுருக்குகள் கண்ணில் பட்டால் தேதியோடு படம் எடுத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

படங்களை எண்ணுவதில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே இனம் அரை மணி நேரத்துக்குள் எத்தனை படத்தில் வந்தாலும் ஒரே வருகை. இல்லாவிட்டால் பலா மரத்தடியில் படுத்திருந்த ஒரு பன்றி 90 பன்றியாகிவிடும். இரண்டு கேமரா 21 இரவு நின்றால் 42 கேமரா-இரவு. அதில் எத்தனை வருகை என்று எழுதினால்தான் ஒரு பருவத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். வெற்றுப் படங்களைக் கண்டு சோர வேண்டாம். 2018-19 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3,48,58,623 படங்கள் எடுத்தார்கள். புலி இருந்தவை 76,651. வெற்றுப் படங்களைப் பிரிக்க மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விலங்கு, மனிதர், வாகனம் இருக்கும் படங்களைத் தனியே எடுத்துக் கொடுக்கும்.

மனிதர் விஷயம் இதில் எனக்கு மிக முக்கியம். பழம் பறிக்கும் காலத்தில் தோட்டம் முழுக்கப் பெண்கள் வேலை செய்வார்கள், ஒதுங்கும் இடமும் அங்கேயேதான். கேமரா எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள், காட்டியும் கொடுங்கள். டைமரை மாலை 6 முதல் காலை 6 வரை மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். குடியிருப்புக்குப் போகும் பாதையிலும் ஓடைத்துறையிலும் கட்டவே கட்டாதீர்கள். மனிதர் விழுந்த படத்தைப் பார்த்த அன்றே அழியுங்கள்.

உங்கள் வேலிக்கு உள்ளே வரைதான் இத்தனையும். அடிவாரத்துத் தோப்பை ஒட்டிக் காப்புக்காடு இருந்தால் எல்லையைத் தாண்டி ஒரு மரத்தில்கூட அனுமதியின்றிக் கட்ட முடியாது. வனத்துறையிடம் எழுத்து அனுமதி தேவை. வளை, பொந்து, கூடு எதன் வாயிலிலும் கேமரா வேண்டாம். அழுங்கோ (எறும்புத்தின்னி) தேவாங்கோ பதிவானால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்; இரண்டும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, இரண்டையும் பிடித்து விற்பவர்கள் உண்டு. சிறுத்தை உறுதியானால் வனச்சரகருக்கு நேராகத் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் காலையில் கம்போடு நூறு பேர் நிற்பார்கள்.

இப்போது மாடல். 940 பிளாஷ், அரை வினாடிக்குள் விழித்துக்கொள்ளும் வேகம், சிறிய திரை, டைமர் வசதி: இந்த நான்கும் இருந்தால் நடுத்தர விலை போதும். மிச்சப் பணத்தில் பூட்டும் நல்ல செல்லும் வாங்குங்கள். சிம் போட்டுப் படம் அனுப்பும் வகை ஆசையாகத்தான் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவற்றில் இங்கே பயன்படும் 4ஜி பேண்டுகளில் (அலைவரிசைகளில்) 3, 40 பல சமயம் இருப்பதில்லை. சில மாடல்கள் அந்நாட்டு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே பூட்டப்பட்டவை. நாகலூர்ச் சரிவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், தேடித்தேடியே செல் தீரும். குரும்பப்பட்டித் தோப்புக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

பயன்படுத்தாத மாதங்களில் செல்களைக் கழற்றி, கதவைத் திறந்தபடி நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். ஆல்கலைன் செல் கசிந்து தகட்டில் வெண்பூ பூத்திருந்தால், பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செல்லைப் போடுங்கள்.